க்ளாட் தேர்வுக்குப் புத்தகம் வாங்கும் முன் வினாத்தாளை அச்செடுங்கள்

2019 ஜூன் மாதம். அருப்புக்கோட்டையில் தமிழ்வழியில் பிளஸ் டூ தொடங்கியிருந்தேன். சட்டம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன மறுவாரம் அப்பா ஒரு வேலையாகச் சென்னை போனார். வரும்போது சென்ட்ரல் பக்கத்தில் லில்லி பாண்ட் காம்ப்ளக்ஸில் ஐந்து பழைய புத்தகங்களை வாங்கி, சணல் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். மொத்தம் 650 ரூபாய். பொது அறிவுப் புத்தகம் மட்டுமே எண்ணூறு பக்கம் இருந்தது. ஐந்து மாதம் அதை விடாமல் மனப்பாடம் செய்தேன். நவம்பரில் க்ளாட், அதாவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வின் முறையே மாறிவிட்டது. 200 வினாக்கள், பெரும்பாலும் ஒரு வரி, இரண்டு வரி என்று இருந்த தேர்வு, பாஸேஜ் படித்து விடை சொல்லும் தேர்வாயிற்று.

கொரோனாவால் தள்ளிக்கொண்டே போய் 2020 செப்டம்பர் 28 அன்று அந்தத் தேர்வு நடந்தது. 150 வினாக்கள், இரண்டு மணி நேரம். பாஸேஜ்களில் பாதியைக்கூட நான் படித்து முடிக்கவில்லை. அடுத்த வருடம் 2021 ஜூலை 23 அன்று மறுபடி எழுதினேன், இடம் கிடைத்தது. இடைப்பட்ட பத்து மாதத்தில் நான் புதிதாக வாங்கியது ஒரே ஒரு புத்தகம். இப்போது என் சித்தி மகள் தயாராகிறாள். "அக்கா, எதை வாங்கட்டும்?" என்று அவள் அனுப்பும் அட்டைப்படங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. உங்கள் இலக்கு அது மட்டும்தான் என்றால் க்ளாட் புத்தகத்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம், பள்ளிப் பாடத்தைப் படியுங்கள். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், பெங்களூரு, ஹைதராபாத் போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் க்ளாட். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஐலெட் என்று தனியாக ஒரு தேர்வு வைக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டிவிட்டுத் தவித்த வீடுகளை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். க்ளாட்டுக்கு விண்ணப்பக் கட்டணமே பொதுப்பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 3,500 ரூபாய். மிச்சமிருக்கும் பணத்தைப் பார்த்துச் செலவழிக்க வேண்டியவர்கள் நாம்.

அளவுகோல்

புத்தகக் கடைக்குப் போகும் முன் ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, பழைய வினாத்தாள்களைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கடைசி வருட வினாத்தாள் ஒன்றை இருபக்கமும் அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வருடக் கணக்கில் குழம்ப வேண்டாம். க்ளாட் 2025 என்று பெயர் போட்டிருக்கும் தேர்வு 2024 டிசம்பர் 1 அன்று நடந்தது. பெயரில் இருப்பது கல்லூரியில் சேரும் வருடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதை எழுதிப் பாருங்கள். ஒன்றும் படித்திராமல் எப்படி எழுதுவது என்று என் தங்கை கேட்டாள். மார்க்குக்காக எழுதச் சொல்லவில்லை. தேர்வு எப்படி இருக்கிறது என்பது கைக்கும் கண்ணுக்கும் பழக வேண்டும். 120 வினாக்கள், 120 நிமிடம், ஒரு தவறான விடைக்கு கால் மார்க் போகும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகளோடு பொது அறிவு, சட்டப் பகுத்தறிவு, தர்க்கப் பகுத்தறிவு, கணிதம் என்று ஐந்து பகுதிகள். நடப்பு நிகழ்வும் சட்டமும் ஏறக்குறைய கால் பங்கு கால் பங்கு. ஆங்கிலமும் தர்க்கமும் ஐந்தில் ஒரு பங்கு ஒவ்வொன்றும். கணிதம் பத்தில் ஒரு பங்கு. கணிதம் தவிர மற்ற எல்லாவற்றிலும் 450 சொற்கள் வரை போகும் பாஸேஜ்கள்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பாஸேஜ் என்று வைத்தாலும் 9,000 சொற்கள். நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்கு வாசிப்புக்கே ஒரு மணி நேரம் போய்விடும். 250 சொல் படிப்பவருக்கு 36 நிமிடம். அந்த 24 நிமிட வித்தியாசத்தை எந்தக் குறுக்குவழிப் புத்தகமும் ஈடுகட்டாது. 2020-ல் நான் தோற்றது இந்த இடத்தில்தான், எண்ணூறு பக்கப் பொது அறிவில் இல்லை. அதனால் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் இந்த வினாத்தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஜாடையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை

முதலில் மாதிரித் தேர்வில் எத்தனை வினா என்று எண்ணுங்கள். 200 என்றால் 2019-க்குள் எழுதிய புத்தகம். 150 என்றால் 2020-ல் இருந்து க்ளாட் 2023 வரைக்குமான முறை. 120 என்றால்தான் இப்போதைய முறை. அட்டையில் "புதிய பதிப்பு" என்று எந்த வருடத்தைப் போட்டிருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் எண்ணிக்கை புத்தகத்தின் வயதைச் சொல்லிவிடும். 150 வினாப் புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. பாஸேஜ்கள் இப்போதும் பயன்படும், பகுதி பகுதியாகப் பிரித்து எழுதலாம். 200 வினாப் புத்தகத்தில் இருக்கும் தர்க்கப் புதிர்கள், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் வகையறா, க்ளாட்டுக்கு வேண்டாம். ஆனால் ஐலெட் எழுதுபவர்களுக்கு அந்தப் பகுதி கொஞ்சம் உதவும், அங்கே 150 வினாக்களில் 70 தர்க்கம்தான்.

அடுத்து, குற்றவியல் சட்டம் வரும் பக்கத்தைத் திருப்புங்கள். கொலைக்கான தண்டனை 302 என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் கொலைக்கான தண்டனை 103-ஆம் பிரிவு, ஏமாற்றுதல் 420 போய் 318. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும்கூட அதே நாளில் மாறின. பிரிவு எண்களை க்ளாட்டில் மனப்பாடமாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த ஒரு பக்கத்தைத் திருத்தாதவர்கள் மற்றப் பக்கங்களையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம் என்பேன்: விடைப் பக்கம். "1. இ, 2. ஆ, 3. அ" என்று கட்டம் மட்டும் போட்டிருந்தால் அது உங்களுக்கு எதையும் கற்றுத்தராது. சரியான விடை ஏன் சரி என்று சொல்வதும் போதாது. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று விளக்கியிருக்க வேண்டும். இந்தத் தேர்வில் இரண்டு விடைகளைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். மிச்சமிருக்கும் இரண்டில் சிக்கித்தான் எல்லோரும் மார்க் இழக்கிறோம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வித்தியாசத்தை எடுத்துக்காட்டும் புத்தகம் ஐந்நூறு ரூபாய் என்றாலும் வாங்கலாம். 2020 தேர்வுக்குப் பிறகு நான் வாங்கிய அந்த ஒரு புத்தகம் அப்படிப்பட்டதுதான். முழுக்க முழுக்க சட்டப் பாஸேஜும் தர்க்கப் பாஸேஜும், ஒவ்வொரு வினாவுக்கும் அரைப் பக்க விளக்கம். முதல் முறை விடைகளுக்காகப் படித்தேன், இரண்டாம் முறை விளக்கங்களுக்காக மட்டும் படித்தேன்.

சட்டப் பகுதிக்கு எல்.எல்.பி. புத்தகம் வேண்டாம்

எங்கள் தெருவில் ஒரு வக்கீல் மாமா இருந்தார். ரொம்பப் பிரியமாக, தான் படித்த ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மறுக்க முடியாமல் வாங்கி, இரண்டு மாதம் அதோடு போராடினேன். க்ளாட்டின் சட்டப் பகுதிக்கு முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை. விதி பாஸேஜிலேயே இருக்கும். அதைக் கொடுக்கப்பட்ட சம்பவத்தில் பொருத்திப் பார்க்கத் தெரிகிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

சில சமயம் அதிகம் தெரிந்திருப்பதே காலை வாரிவிடும். 18 வயது ஆகாதவரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது நம் நாட்டுச் சட்டம். பாஸேஜில் "சொந்தமாகச் சம்பாதிக்கும் 16 வயதுக்காரர் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஒரு விதியைத் தந்துவிட்டு, 17 வயதில் மெக்கானிக் கடையில் சம்பளம் வாங்கும் ஒரு பையன் கடனில் பைக் வாங்கிய கதையைச் சொன்னால், ஒப்பந்தம் செல்லும் என்றுதான் விடை எழுத வேண்டும். வக்கீல் மாமாவின் புத்தகத்தைப் படித்த நான், மாதிரித் தேர்வில் இதே மாதிரி ஒரு வினாவில் செல்லாது என்று எழுதிவிட்டு, விடைத்தாளோடு சண்டை போட்டேன்.

அதற்காக ஒன்றுமே தெரியாமல் போவதும் கஷ்டம். அன்றாடம் செய்தியில் அடிபடும் சட்டப் பிரச்சினைகளின் மேலோட்டமான அறிமுகம் இருந்தால் பாஸேஜ் மிரட்டாது. அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி, அதாவது 12 முதல் 35 வரையிலான அடிப்படை உரிமைகள், அதை மூலத்திலேயே படியுங்கள். பேர் ஆக்ட், அதாவது சட்டத்தின் மூல வாசகம் மட்டும் இருக்கும் புத்தகம், விலைக்கு வாங்க வேண்டாம், இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் மத்தியச் சட்டங்கள் இலவசமாக இருக்கின்றன. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு தீர்ப்பின் முதல் நான்கைந்து பக்கத்தைத் தமிழில் படித்து, வழக்கு என்னவென்று புரிந்துகொண்டு, பிறகு அதே பக்கங்களை ஆங்கிலத்தில் படித்தால் அகராதியைத் தொடாமலே சட்டச் சொற்கள் பிடிபடுகின்றன. மேல்முறையீட்டாளர், எதிர்மனுதாரர், இடைக்காலத் தடை எல்லாம் ஆங்கிலத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று கண் தானாகக் கண்டுகொள்ளும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. தமிழில் படித்த பிள்ளைகள் அந்தப் பாலத்தைத் தாமாகத்தான் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நடப்பு நிகழ்வு: அதிகம் பணம் போகும் இடம்

மாத இதழ், காலாண்டுத் தொகுப்பு, ஆண்டுத் தொகுப்பு, "கடைசி நேர 1000 வினாக்கள்". எல்லாவற்றையும் ஒருவர் வாங்கினால் படிக்க வேண்டியது நாலு மடங்காகும், செய்தி ஒன்றேதான். ஒரு ஆங்கில நாளிதழ், ஒரு மாதத் தொகுப்பு. இதற்கு மேல் வேண்டாம். நாளிதழ் வீட்டுக்கு வராவிட்டால் ஊர் நூலகத்தில் இருக்கும். நான் அருப்புக்கோட்டை நூலகத்தில்தான் படித்தேன். காலையில் முதல் ஆளாகப் போனால் தாள் கிழியாமல் கிடைக்கும்.

தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு செய்தியை எடுத்து, அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தேர்தல் பத்திர வழக்கை எடுத்துக்கொள்வோம். "தேர்தல் பத்திரத் திட்டம் ரத்து" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அந்தத் தொகுப்பு உதவாது. திட்டம் 2018-ல் வந்தது, பத்திரங்களை வெளியிட்டது பாரத ஸ்டேட் வங்கி, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று ஒருமனதாக ரத்து செய்தது, வாக்காளரின் தகவல் அறியும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவில் அடங்கும் என்பது காரணம், விவரங்களைத் தேர்தல் ஆணையத்துக்குத் தர வங்கிக்கு உத்தரவு போனது. இவ்வளவும் அரைப் பக்கத்தில் தொடர்ச்சியாக இருந்தால் வாங்கலாம். தேர்விலும் இப்படித்தான் வரும். செய்தியைப் பற்றி ஒரு பாஸேஜ் இருக்கும், வினா மட்டும் பாஸேஜில் சொல்லாத பக்கத்து விஷயத்தைத் தொடும்.

புதிய மசோதாக்களுக்கு பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் தளத்தில் வரும் சுருக்கங்களை விடச் சுத்தமான குறிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. இலவசம்தான். ஒரு மசோதாவுக்கு இரண்டு பக்கம், எளிய ஆங்கிலம். வாசிப்புப் பயிற்சியும் சேர்ந்தே நடந்துவிடும்.

ஆங்கிலமும் கணக்கும்

ஆங்கிலத்துக்கென்று தனியாக எதையும் வாங்காதீர்கள். ஐயாயிரம் சொல் பட்டியல் புத்தகம் எனக்கு ஒரு மார்க்கும் வாங்கித் தரவில்லை. தலையங்கப் பக்கக் கட்டுரையில் 450 சொல் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் படியுங்கள். படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார் என்று இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதுவதால் ஆங்கிலச் சொற்களைக் காப்பியடித்து ஏமாற்ற முடியாது, புரிந்தால்தான் எழுத வரும். 2020 அக்டோபரில் தொடங்கியபோது எனக்கு ஒரு பாஸேஜுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. பிப்ரவரியில் இரண்டரை நிமிடத்துக்குள் வந்துவிட்டேன்.

கணக்குக்கு நம் சமச்சீர்ப் புத்தகங்களே போதும். எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்ற பாடம் இருக்கிறதே, சதவீதம், லாப நட்டம், கூட்டு வட்டி, வேலையும் நேரமும், அதை முழுசாகப் போடுங்கள். விகிதத்துக்கு அதற்குக் கீழ் வகுப்புகள். பரப்பளவு, கன அளவு, புள்ளியியலுக்குப் பத்தாம் வகுப்பு. தேர்வில் அட்டவணையோ வரைபடமோ சிறு பத்தியோ கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். வங்கித் தேர்வுக்கான குறுக்குவழிப் புத்தகம் வேண்டாம்.

மாக் டெஸ்ட், பி.டி.எஃப்., பாக்கேஜ்

மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வுத் தொடர், வாங்குவதற்கு முன் இலவசமாகத் தரும் ஒன்றை எழுதிப் பாருங்கள். எழுதிய மறுநாள், அவர்கள் சொல்லும் விடைகளில் பத்தை எடுத்து பாஸேஜோடு நீங்களே சரிபாருங்கள். இரண்டு மூன்று விடைக்குப் பாஸேஜில் ஆதாரமே இல்லையென்றால் அந்தத் தொடர் வேண்டாம். உண்மையான தேர்விலேயே விடைகள் மேல் சந்தேகம் வருவதுண்டு. க்ளாட் 2025 விடைப்பட்டியல் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால் பழைய வினாத்தாளோடு விடைப்பட்டியலை இறக்கும்போது இறுதிப் பட்டியல்தானா என்று பார்த்து எடுங்கள். முதலில் வரும் தற்காலிகப் பட்டியலை வைத்துத் திருத்தினால், சரியாக எழுதியதையே தவறென்று நினைத்துக்கொள்வீர்கள்.

எண்ணிக்கை அதிகம் என்பதற்காக நூறு டெஸ்ட் தொடரை வாங்க வேண்டாம். நான் எழுதியது 22. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் எழுத்து, மூன்று மணி நேரம் அலசல். அரைக் குயர் நோட்டு ஒன்றில் தவறான வினாவின் எண், நான் தேர்ந்தெடுத்தது, ஏன் தேர்ந்தெடுத்தேன், எந்த வரியைக் கவனிக்கவில்லை. அந்த நோட்டைத்தான் இப்போது தங்கை கேட்டாள். கொடுக்கவில்லை. அவளுடைய தவறுகள் வேறு, அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.

கோச்சிங் பாக்கேஜ் பற்றி. என்னோடு எழுதிய தோழி ஒருத்திக்கு ஒரு பயிற்சி மையம் பதினெட்டுப் புத்தகம் கொண்ட பெட்டியை அனுப்பியது. பிரித்துப் பார்த்தால் பதினொன்று பழைய முறை, அட்டை மட்டும் புதிது. பணத்தைத் திருப்பிக் கேட்டும் கிடைக்கவில்லை. கட்டுவதற்கு முன் எந்தப் பகுதியிலிருந்தாவது பத்துப் பக்க மாதிரி கேளுங்கள். தர மறுத்தால் விலகிவிடுங்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுக்குப் பயிற்சியும் துணையும் தரும் ஐடியா (IDIA) என்ற அமைப்பு இருக்கிறது. சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கியது. பணத்தால் தயங்குபவர்கள் முதலில் அங்கே விசாரியுங்கள்.

டெலிகிராமில் வந்து குவியும் பி.டி.எஃப்.களை இன்றே அழித்துவிடுங்கள். என் போனில் அப்படி நூற்றுக்கணக்கில் கிடந்தன. திறந்து படித்தது ஏழு. மற்றவை ஒவ்வொரு இரவும் "இன்னும் இவ்வளவு இருக்கிறதே" என்ற பயத்தை மட்டும் கொடுத்தன.

இதையெல்லாம் கழித்த பிறகு தங்கையின் மேசையில் இப்போது இருப்பவை: அச்செடுத்த பழைய வினாத்தாள்கள், விளக்கத்தோடு கூடிய பாஸேஜ் புத்தகம் ஒன்று, மாதத் தொகுப்பு, எட்டாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள், இரண்டு நோட்டு. பழைய வினாத்தாள்களில் ஒன்றைத்தான் அளவுகோலாக எழுதியிருக்கிறாள். மிச்சத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டி அவள் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அக்டோபர் கடைசியிலிருந்து வாரத்துக்கு ஒன்று, தேர்வு நடக்கும் அதே பிற்பகல் நேரத்தில் எழுத வேண்டும். உண்மையான வினாத்தாள் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டால் கடைசி மாதத்தில் கையில் ஒன்றும் இருக்காது.

அந்த உறைக்குள் வெற்று ஓ.எம்.ஆர். தாள்களையும் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் தாள் இரண்டு ரூபாய். பால் பாயிண்ட் பேனாவால் 120 வட்டங்களை நிரப்புவதற்கு எனக்கு ஏழு நிமிடம் ஆகும். வீட்டில் வினாத்தாளிலேயே டிக் அடித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏழு நிமிடம் கணக்கிலேயே இருக்காது.